நீதிமன்றத்துக்குள் எவ்வளவு வெளிச்சம்?

2005ஆம் ஆண்டு மார்செல் லஃபோலெட் என்ற அறிவியல் வரலாற்றாசிரியர், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் ஆவணக் காப்பகத்தில் பழைய பெட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். 'சயன்ஸ் சர்வீஸ்' என்ற அறிவியல் செய்தி நிறுவனம் 1971இல் காப்பகத்துக்குக் கொடுத்திருந்த காகிதக் குவியல் அது. அதற்குள்ளிருந்து நைட்ரேட் ஃபிலிம் நெகட்டிவ்கள் வெளிவந்தன. எடுக்கப்பட்டது 1925 ஜூலையில். இடம் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூர். 80 ஆண்டுகளாக அவை அச்சேறியதே இல்லை.

டேட்டன் நீதிமன்றத்தில் அப்போது நடந்த வழக்கு உலகம் அறிந்தது. மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளில் சொல்லித்தரக் கூடாது என்று டென்னசி சட்டம் போட்டிருந்தது. அதை மீறியதாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் மீது வழக்கு. அரசுத் தரப்பில், மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். ஆசிரியருக்காக வாதாட கிளாரன்ஸ் டாரோ. மேடையில் மாநில நீதிபதி ஜான் ரால்ஸ்டன். இந்த நீதிபதி வானொலிக்காரர்களையும் படக்காரர்களையும் வாசலில் நிறுத்தவில்லை. சிகாகோவின் டபிள்யூஜிஎன் நிலையம் விசாரணையை நேரடியாக ஒலிபரப்பியது. அமெரிக்காவில் ஒரு வழக்கு அப்படி வானொலியில் வந்தது அதுவே முதல் முறை.

கேமராவோடு போனவர் வாட்சன் டேவிஸ், சயன்ஸ் சர்வீஸின் நிர்வாக ஆசிரியர். பிற்காலத்தில் நூல்களையும் ஆவணங்களையும் மைக்ரோஃபிலிமில் சுருக்கிப் பாதுகாக்கலாம் என்று ஓயாமல் எடுத்துச் சொன்ன முன்னோடிகளில் ஒருவர். அவர் எடுத்த படங்களே ஒரு பெட்டிக்குள் இத்தனை காலம் காத்துக் கிடந்திருக்கின்றன.

அந்த நாளைய நீதிமன்றப் படம் எதைப் பார்த்தாலும் நம் கண்ணில் முதலில் படுவது கம்பீரம். அமெரிக்காவின் மாநிலக் காப்பகங்களில் இப்படிப்பட்ட குழுப் படங்கள் ஏராளம்: கறுப்பு அங்கியில் ஐந்து பேரோ ஏழு பேரோ உயர்ந்த மேசைக்குப் பின்னால் வரிசையாக, கல்லில் செதுக்கியதுபோல் இறுகிய முகத்தோடு. சட்டத்தின் கண்டிப்பு முகத்தில் உறைந்துவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அதில் பாதிக்குக் காரணம் வெள்ளி உப்பும் மங்கிய வெளிச்சமும் என்பது என் எண்ணம். இன்னும் ஒரு படி மேலே போகிறேன். கேமராவை நீதிமன்றம் உள்ளே விட்டதும், வெளியே தள்ளியதும், மறுபடி உள்ளே விட்டதும் அந்தந்தக் காலத்துக் கேமராவுக்கு எவ்வளவு வெளிச்சம் தேவைப்பட்டது என்பதோடு நெருக்கமாகப் பிணைந்த கதை.

வெள்ளியிலிருந்தே தொடங்கலாம். பழைய ஃபிலிமின் மேற்பூச்சு ஜெலட்டின். மாட்டுத் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கும் பசை அது. அதற்குள் வெள்ளி புரோமைடு படிகங்கள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அத்தனை சிறிய படிகத்துக்குள்ளும் 1,000 கோடிக்கு மேல் வெள்ளி அயனிகள் அடுக்காக நிற்கின்றன.

ஷட்டர் திறந்ததும், நீதிபதியின் நெற்றியில் பட்டுத் திரும்பிய ஒளித்துகள் ஒன்று லென்ஸ் வழியாக வந்து ஒரு படிகத்தில் விழுகிறது. ஒரு எலெக்ட்ரானைக் கிளப்பிவிடுகிறது. அந்த எலெக்ட்ரான் படிகத்துக்குள் அலைந்து, ஏதாவது ஒரு குறைபாட்டில் சிக்கி நிற்கிறது. அருகில் திரியும் வெள்ளி அயனி ஒன்று அதோடு சேர்ந்து வெள்ளி அணுவாகிறது. இன்னொரு ஒளித்துகள், இன்னொரு அணு. ஓரிடத்தில் நான்கு அணுக்கள் அளவுக்குக் கூடிவிட்டால் போதும், அந்தப் படிகம் 'ஒளி கண்டது' ஆகிவிடும். எந்தச் சாதாரண நுண்ணோக்கியிலும் இது தெரியாது. ஃபிலிமை அப்போது எடுத்துப் பார்த்தால் வெளிறிய பூச்சு மட்டுமே இருக்கும். படம் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குப் புலப்படவில்லை. இந்த மறைபடம் எப்படி உருவாகிறது என்பதை ரொனால்டு கர்னியும் நெவில் மாட்டும் 1938இல்தான் விளக்கினார்கள். அதற்குள் உலகம் நூறு ஆண்டுகளாகப் படம் எடுத்துத் தள்ளியிருந்தது!

டெவலப்பர் திரவம் செய்வது என்ன? நான்கு அணுத் துணுக்கு உள்ள படிகம் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, அதிலுள்ள எல்லா அயனிகளையும் உலோக வெள்ளியாக்குகிறது. வைக்கோற்போரில் விழுந்த ஒரு பொறி போரையே பிடித்துக்கொள்வதுபோல, அந்த நான்கு அணுக்கள் ஆயிரம் கோடியை இழுத்துக்கொள்கின்றன. துணுக்கு இல்லாத படிகம் அப்படியே நிற்கும். அதைக் கரைத்து வெளியேற்றுவது ஹைப்போ; வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819லேயே கண்டிருந்தார். கடைசியில் ஃபிலிமில் கறுப்பாக மிஞ்சுவது சாயம் எதுவும் அல்ல, உண்மையான வெள்ளி. நுண்ணிய இழைகளாகச் சுருண்டு கிடப்பதால் ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரிகிறது.

இந்த வித்தையில் கடுகுக்கும் பங்கு உண்டு. ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்த ஃபிலிம் கூர்மையாக ஒளியை உணரும், அடுத்த தொகுதியில் செய்தது மந்தமாக இருக்கும். ஏன் என்று தொழிற்சாலைக்காரர்களுக்கு நெடுநாள் புரியவில்லை. கோடாக் ஆய்வகத்தின் சாமுவேல் ஷெப்பர்டு 1925இல் விடை சொன்னார். மாடு மேய்ந்த கடுகு போன்ற செடிகளிலிருந்து கந்தகச் சேர்மங்கள் துளியளவு தோலிலும் எலும்பிலும் தங்கி, ஜெலட்டினுக்கும் வந்துவிடுகின்றன. அந்தக் கந்தகம் படிகத்தின் மேல் வெள்ளி சல்பைடுப் புள்ளிகளை உண்டாக்குகிறது. அலையும் எலெக்ட்ரானைப் பிடித்து நிறுத்துவது அந்தப் புள்ளிகள்தான். டேட்டனில் பிரையனும் டாரோவும் உயிர்களின் உறவுமுறை பற்றி மோதிக்கொண்ட அதே ஆண்டில், கடுகுச் செடிக்கும் மாட்டுக்கும் நிழற்படத்துக்கும் உள்ள உறவு வெளிவந்தது என்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது.

இப்போது வெளிச்சக் கணக்கு. உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். சன்னல் திறந்திருக்கும் ஒரு கூடத்தின் உள்பகுதியில் 200 லக்ஸ் இருந்தால் நல்ல வெளிச்சம் என்போம். நம் கண் இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பதில்லை. பாவையை விரித்து, விழித்திரையின் உணர்திறனைக் கூட்டிச் சமாளித்துவிடுகிறது. ஃபிலிமுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெளியே இருப்பதில் 500இல் ஒரு பங்கு என்றால் அதற்கு 500இல் ஒரு பங்குதான்.

அக்காலத்து ஃபிலிமின் வேகத்தை இன்றைய அளவில் ஐஎஸ்ஓ 25 என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் துளையை எஃப் 16க்குச் சுருக்கி வெயிலில் எடுத்தால் வினாடியில் 25இல் ஒரு பங்கு போதும். அதே துளையோடு கூடத்துக்குள் எடுக்க 20 வினாடி வேண்டும். துளையை எஃப் 8க்கு விரித்தால் 5 வினாடி. அதற்கும் மேல் விரிக்க முடியாதா என்று கேட்கலாம். அந்நாளைய பெரிய கேமராக்களில் அப்படி விரித்தால் நடுவில் இருக்கும் தலைமை நீதிபதி மட்டும் கூர்மையாக விழுவார், ஓரத்தில் இருப்பவர்கள் மங்கிப்போவார்கள்.

ஐந்து வினாடி சிரித்தபடி இருந்து பாருங்கள். மூன்றாவது வினாடியிலேயே உதடு நடுங்கும், சிரிப்பு இளிப்பாக மாறும். இறுக்கிய உதடும், நாற்காலியில் ஊன்றிய கையும், ஓரிடத்தில் குத்திட்ட பார்வையும் மட்டுமே கலையாமல் பதியும். படம் எடுப்பவரும் அதைத்தான் கேட்பார். ஆக, நீதிபதிகளின் கற்சிலைத் தோற்றத்தில் அவர்கள் குணம் எவ்வளவு, ஷட்டர் நேரம் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். நீதிமன்றம் நடந்துகொண்டிருந்தபோது எடுத்ததுபோல் தோன்றும் இப்படிப்பட்ட குழுப் படங்கள், வழக்கு எதுவும் நடக்காத வேளையில் உட்காரவைத்து எடுத்தவை.

நிறமும் கொஞ்சம் விளையாடியிருக்கிறது. வெள்ளி புரோமைடு தானாக உணர்வது நீலம், ஊதா, புற ஊதா ஒளியை மட்டும். சாயம் சேர்த்தால் பச்சையையும் உணரச் செய்யலாம் என்று ஹெர்மன் ஃபோகல் 1873இல் கண்டுபிடித்தார். ஆனாலும் கடைகளில் சாதாரணமாகக் கிடைத்த ஃபிலிம்களுக்கு 1920களிலும் சிவப்பு தெரியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கு எரித்தது அதனால்தான். விளைவாக, வெயிலிலும் புழுக்கத்திலும் சிவந்த முகம் படத்தில் கருத்துப்போகும். உதடு இன்னும் கருக்கும். முகத்தின் சிறு மச்சங்கள் கரும்புள்ளிகளாகும். நீலக் கண்ணோ வெளிறி, பாவை மட்டும் கறுப்பு முள்ளாகக் குத்தும். ஒரு நீதிபதியின் பார்வை பழைய படத்தில் நம்மைத் துளைத்தால், அந்த மனிதர் நேரிலும் அப்படித்தான் பார்த்திருப்பார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

டேட்டனுக்கு வருவோம். ஜூலை வெக்கையில் கூடம் நிரம்பி வழிந்தது. மக்கள் கைவிசிறி வீசியபடி இருந்தார்கள். ஜூலை 20 அன்று, மாடியில் இருந்த நீதிமன்றத்தின் தரை இத்தனை பேரின் பாரத்தைத் தாங்குமா என்ற பயம் வேறு சேர்ந்துகொள்ள, ரால்ஸ்டன் விசாரணையைக் கட்டடத்துக்கு வெளியே புல்வெளிக்கு மாற்றினார். பிரையனையே சாட்சியாக அழைத்து டாரோ குறுக்கு விசாரணை செய்த புகழ்பெற்ற காட்சி திறந்தவெளியில் நடந்தது இப்படித்தான். படக்காரருக்கு அது பெரும் பேறு. மர நிழலில்கூடச் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அறைக்குள் வினாடிக்கணக்கில் திறந்திருக்க வேண்டிய ஷட்டர், அங்கே வினாடியின் சிறு பின்னத்தில் மூடிவிடலாம். வாதாடும் மனிதர்களை வாதாடும் நிலையிலேயே பிடிக்கலாம். தீர்ப்பு மறுநாள் வந்தது: 100 டாலர் அபராதம். டென்னசி உச்ச நீதிமன்றம் 1927இல் அதை ரத்து செய்தது. 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிதான் விதிக்க வேண்டும், நீதிபதி விதிக்க முடியாது என்பது காரணம்.

எல்லா நீதிமன்றங்களும் புல்வெளிக்கு வருமா? வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோக 1887இல் ஜெர்மனியில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து பற்றவைத்தால் கண்ணைப் பறிக்கும் ஒளி வெடிக்கும். அதோடு ஓசையும் வெள்ளைப் புகையும் வரும், தீக்காயமும் படலாம். சாட்சி பேசிக்கொண்டிருக்கும் அறையில் இதைச் செய்ய எந்த நீதிபதி ஒப்புவார்? கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் ஃபிளாஷ் பல்பு 1930 வாக்கில் வந்து புகையை நீக்கியது. ஆனால் பளீர் வெளிச்சம் அப்படியே இருந்தது.

இன்னொரு வழி, இருக்கிற வெளிச்சத்தை அதிகமாக அள்ளும் லென்ஸ். ஜெர்மனியின் எர்மனாக்ஸ் கேமராவின் லென்ஸ் எஃப் 1.8 வரை விரியும். எஃப் 16ஐவிட ஏறக்குறைய 79 மடங்கு ஒளி. நம் கணக்கில் 20 வினாடியாக இருந்தது கால் வினாடியாகிவிடுகிறது. தகடும் சிறியது, 4.5க்கு 6 சென்டிமீட்டர். இதைக் கையில் எடுத்துக்கொண்டு 1928இல் பெர்லின் நீதிமன்றத்துக்குள் நுழைந்தவர் எரிக் சாலமன். சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். தொப்பியில் ஓட்டை போட்டு, அதற்குள் கேமராவை மறைத்து, நடந்துகொண்டிருந்த கொலை வழக்கைப் படமெடுத்தார். 1932இல் கையில் அடிபட்டவர்போல் கட்டுப் போட்டுக்கொண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குள்ளும் போய், அமர்வு நடக்கும்போதே நீதிபதிகளை எடுத்துவிட்டார். அங்கே கற்சிலைகள் இல்லை. வேலை செய்துகொண்டிருக்கும் மனிதர்கள் இருந்தார்கள். நிழற்படக் கலையின் மகத்தான கலைஞர்களில் ஒருவரான சாலமன் யூதர். 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜிகள் அவரைக் கொன்றார்கள்.

கேமரா வேகம் பிடித்ததும் நீதிமன்றங்கள் கதவைச் சாத்தின. இங்கிலாந்தில் 1912இல் செடன் என்பவருக்கு நீதிபதி மரண தண்டனை விதிக்கும் கணத்தையே யாரோ திருட்டுத்தனமாக எடுத்து, அது பத்திரிகையில் வந்தது. 1925இல், டேட்டன் வழக்கு நடந்த அதே ஆண்டில், இங்கிலாந்து நீதிமன்றத்தில் படமெடுப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தது. உள்ளே உட்கார்ந்து வரைவதும் குற்றம் என்பதால், இன்றும் அந்நாட்டு நீதிமன்ற ஓவியர்கள் பார்த்ததை நினைவில் வைத்து வெளியே வந்துதான் வரைகிறார்கள். அமெரிக்காவில் திருப்பம் 1935இல் வந்தது. விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தைக் கொலை வழக்கு. நியூ ஜெர்சியின் ஃபிளெமிங்டன். மாநில நீதிபதி தாமஸ் டிரெஞ்சர்டு. விசாரணை நடக்காத நேரத்தில் மட்டும் படம் எடுக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். மாடத்தில், ஓசை அடக்கும் உறைக்குள் இருந்த நியூஸ்ரீல் கேமரா சாட்சியங்களையே பதிவுசெய்தது. அது திரையரங்குகளில் ஓடியபோதுதான் விஷயம் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில், 1937இல், அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் நீதிமன்றங்களில் கேமரா கூடாது என்று நெறி வகுத்தது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் பின்பற்றின. கொலராடோவும் டெக்சாஸும் மட்டும் விலகி நின்றன.

தொலைக்காட்சி வந்ததும் வெளிச்சப் பிரச்சினை முற்றியது. 1962இல் டெக்சாஸில் பில்லி சால் எஸ்டெஸ் என்ற தொழிலதிபரின் வழக்கில், தொடக்க விசாரணைக்குக் குறைந்தது 12 கேமராக்காரர்கள் வந்திருந்தார்கள். தரையெங்கும் கேபிள்கள், நீதிபதியின் மேசையில் மூன்று மைக். 1965இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் எஸ்டெஸுக்கு விதிக்கப்பட்ட தண்டனையை ரத்து செய்தது. நியாயமான விசாரணை நடக்கவில்லை என்றது. தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி ஹார்லன், தொலைக்காட்சி அன்றாட வாழ்வில் சகஜமாகும் நாள் வந்தால் இதை மீண்டும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று தனியே எழுதிவைத்தார்.

பன்னிரண்டே ஆண்டுகளில் ஃபுளோரிடா மாநில உச்ச நீதிமன்றம் 1977 ஜூலையில் ஓராண்டுச் சோதனையைத் தொடங்கியது. அதன் விதிகளைப் படித்தால் ஒரு பொறியாளரின் குறிப்புபோல் இருக்கும்: ஒரே ஒரு வீடியோ கேமரா, ஓரிடத்தில் நிலையாக நிற்க வேண்டும், தனி விளக்கு போடக் கூடாது, ஜூரியைக் காட்டக் கூடாது. அறையின் வழக்கமான விளக்கொளியிலேயே எடுக்கும் அளவுக்குக் கேமரா வளர்ந்திருந்ததால்தான் இப்படி ஒரு விதி எழுத முடிந்தது. மியாமி பீச் போலீஸ்காரர் இருவர் திருட்டு வழக்கில் தண்டனை பெற்று, கேமரா தங்கள் உரிமையைக் கெடுத்தது என்று முறையிட்டார்கள். அவர்கள் விசாரணையில் தொலைக்காட்சியில் வந்தது மொத்தம் 2 நிமிடம் 55 வினாடி. 1981 ஜனவரி 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மாநிலத்தின் பக்கம் நின்றது.

இன்றைய சிலிக்கான் உணரி, தன்மேல் விழும் ஒளித்துகள்களில் பாதிக்கு மேல் எலெக்ட்ரான்களாக மாற்றிக்கொள்கிறது. பழைய ஃபிலிம் பெரும்பகுதியை வீணாக்கியது. 200 லக்ஸ் கூடம் இப்போது கைபேசிக்கே தாராளம். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் நேரலைக்கு ஒப்புக்கொண்டு, 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வுகளை ஒளிபரப்பிவருகிறது.

அந்த நேரலைப் பதிவுகளை நூறு ஆண்டு கழித்துப் பார்க்க முடியுமா என்பது வேறு கேள்வி. டேவிஸின் நெகட்டிவ்கள் பிழைத்ததும் எளிதில் நடந்த காரியம் இல்லை. அவற்றின் அடிப்பொருளான செல்லுலோஸ் நைட்ரேட், துப்பாக்கிப் பஞ்சின் நெருங்கிய சொந்தம். எரியத் தேவையான ஆக்சிஜன் அதன் மூலக்கூறிலேயே இருப்பதால், பற்றிக்கொண்டால் நீரில் மூழ்கியும் எரியும். தீப்பிடிக்காவிட்டாலும் மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை விடும். அவை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும், அந்த அமிலம் சிதைவை இன்னும் விரட்டும். ஃபிலிம் மஞ்சளாகி, பிசுபிசுத்து, கடைசியில் பழுப்புத் தூளாக உதிரும். கோடாக் 1951இல் நைட்ரேட் சினிமா ஃபிலிமை நிறுத்தியது. அதற்கு மாற்றாக வந்த அசிட்டேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் அதுவும் வெப்பத்தில் சிதைந்து வினிகர் வாடை வீசும். காப்பகர்கள் பெட்டியைத் திறந்ததும் மோந்து பார்ப்பது அதற்காகத்தான். இரண்டுக்கும் ஒரே மருந்து குளிர். வெப்பநிலை இறங்க இறங்க வேதிவினை மந்தமாகும். உறைகுளிரில் வைத்தால் பத்தாண்டுகளில் அழியக்கூடியது நூற்றாண்டுகளுக்கு நிற்கும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் ஜெலட்டினுக்கு இரட்டை எதிரி. பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது நல்ல தீனி. இங்குள்ள பழைய நீதிமன்றங்களின் சுவர்களில் தொங்கும் குழுப் படங்களை இப்போதே நல்ல தரத்தில் ஸ்கேன் செய்துவைக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

சாலமன் கட்டுப்போட்ட கையோடு நுழைந்த அமெரிக்க உச்ச நீதிமன்றமோ இன்றுவரை கேமராவை ஏற்கவில்லை. 2020 மே முதல் வாதங்களின் ஒலியை நேரடியாகக் கேட்கலாம், பார்க்க முடியாது. புகை, ஓசை, பளீர் விளக்கு என்று சொல்லிவந்த காரணங்கள் தீர்ந்துவிட்டன. மிஞ்சியிருப்பவை சாட்சியின் அச்சம், வழக்கறிஞர்கள் கேமராவுக்காகப் பேசிவிடும் ஆபத்து, முழு வாதத்திலிருந்து பத்து வினாடியைக் கத்தரித்துப் பரப்பும் வழக்கம். சாட்சிகளே வராத மேல்முறையீட்டு மன்றத்தில் முதல் காரணம் நிற்காது. மற்ற இரண்டும் கனமானவைதான், ஆனால் அவற்றை வெளிச்சத்தின் பெயரைச் சொல்லாமல் நேராக வாதாட வேண்டும்.